தெருக்கூத்தில் அன்றாடம்: கட்டியங்காரன் பேச்சும் ஆய்வு மரபின் விடுபடல்களும்

ஆய்வுச்சுருக்கம்

வடதமிழகத் தெருக்கூத்தைப் பற்றிய ஆய்வுகள் அதனைப் பாரதப் பனுவலாகவும், வழிபாட்டுச் சடங்காகவும், தமிழ் நாடக மரபின் மூலமாகவும் அணுகியுள்ளன. இவ்வணுகுமுறைகளில் கட்டியங்காரன் வழியாகக் களத்தினுள் நுழையும் ஊர் நடப்பு பெரும்பாலும் நகைச்சுவை இடைவேளையாகவே கருதப்பட்டுள்ளது. அப்பேச்சு கூத்தின் கட்டமைப்புக் கூறு என்பதையும், பார்வையாளரை அத்தினாபுரத்தின் குடிகளாக மாற்றிப் ‘பகடை துகில்’ போன்ற கூத்துகளின் அறவினாவுக்கு அவர்களைப் பொறுப்பாக்குவது அதுவே என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ‘தெருக்கூத்து’, ‘கட்டைக்கூத்து’ என்னும் பெயர் வழக்கின் பொருளும் இவ்வெளிச்சத்தில் மறுபரிசீலனை செய்யப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தெருக்கூத்து, கட்டைக்கூத்து, கட்டியங்காரன், பகடை துகில், அக்னி வசந்த விழா, அன்றாடம், வட்டார வழக்கு

முன்னுரை

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சி செல்லும் சாலையின் இருபுறமும் உள்ள ஊர்களில் பங்குனி முதல் ஆடி வரையிலான காலம் பாரதக் காலமாகும். திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேற்றி, பகலில் வில்லிபாரதத்தை அடியொற்றிப் பாரதப் பிரசங்கமும், இரவில் அன்றைய கதைப்பகுதிக்குரிய கூத்தும் நடைபெறும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எனத் தொடரும் நிரல், துரியோதனன் படுகளத்திலும் தீமிதியிலும் நிறைவுறும். இதனை ‘அக்னி வசந்த விழா’ என விழாப் பத்திரிகைகளும் சுவரொட்டிகளும் அறிவிக்கின்றன.

இவ்வட்டாரம் கூத்தாய்வுக்குப் புதியதன்று. ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட முதற்றொகுதியின் துணைத்தலைப்பே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்னும் பயணத்தைக் குறிக்கிறது. எனினும், இங்குள்ள கல்லூரிகளில் தமிழ் பயிலும் மாணவர், நாட்டுப்புறவியல் தாளில் கூத்தை ‘அழிந்துவரும் கலை’ என்னும் தலைப்பின்கீழ்ப் படிக்கின்றனர். அதே கோடையில் அவர்தம் ஊரில் விடிய விடியக் கூத்து நடக்கிறது. பாடத்திற்கும் தெருவுக்கும் இடையிலான இந்த முரணை மாணவரின் கவனக்குறைவாகக் கொள்வது எளிது. கூத்தில் எதைக் கலையெனக் கொள்வது என்று ஆய்வு மரபு செய்துகொண்ட தேர்விலேயே இதன் வேர் உள்ளது.

ஆய்வு மரபின் அணுகுமுறைகள்

கூத்தைப் பனுவலாக நோக்குவது முதல் அணுகுமுறை. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்ற பதிப்பகங்கள் வெளியிட்ட கூத்து நூல்கள் விருத்தம், தரு, வசனம் ஆகியவற்றைப் பதிவு செய்தன. வாத்தியார்களின் கையெழுத்து ஏடுகளும் இவ்வடிவிலேயே அமைந்தவை. இவற்றில் கட்டியங்காரனுக்குரிய இடம் சில வரிகளே. அவன் பேசவிருப்பது எழுதப்படுவதில்லை. எனவே அச்சுப் பனுவலை மூலமாகக் கொள்ளும் ஆய்வுக்கு, ஓர் இரவின் கணிசமான நேரத்தை எடுத்துக்கொள்ளும் பேச்சு முழுவதும் பனுவலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

சடங்கியல் அணுகுமுறை இரண்டாவது. ஹில்டபைட்டலின் ஆய்வும், ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் 1990ஆம் ஆண்டு நூலும் கூத்தைத் திரௌபதி வழிபாட்டின் ஒருங்கிணைந்த பகுதியாகக் காட்டின. நடிகர்மேல் அருள் இறங்குதல், படுகளத்தில் களிமண் துரியோதனன் உருவின்முன் திரௌபதி கூந்தல் முடித்தல் ஆகியவற்றை வெறும் நடிப்பாகக் கொள்ள இயலாது என்பதை இவை தெளிவாக்கின. ஆனால் சடங்கின் உச்சத்தை நோக்கி நகரும் இப்பார்வையில், உச்சமல்லாத நீண்ட நேரங்கள் பின்னணியாகின்றன. நள்ளிரவுக்கு முந்தைய சிரிப்பு, விடியலின் அருளுக்கான காத்திருப்பாகச் சுருங்குகிறது.

நாடகவியல் அணுகுமுறையின் தோற்றுவாய் ந. முத்துசாமி. புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு அவர் எழுதிய கட்டுரைகளும், 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும் நகரத் தமிழறிவுலகின் பார்வையை மாற்றின. கூத்தைக் கொச்சையென ஒதுக்கிய சூழலில், உடலும் குரலும் வெளியும் இணையும் முழுமையான அரங்கு அது என அவர் வாதிட்டார். புரிசை கண்ணப்பத் தம்பிரான் மரபினர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் சிறுகதையைக் கூத்தாக்கியதும், புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் இம்மாற்றத்தின் தொடர்ச்சியாகக் கருதத்தக்கவை. எனினும், எட்டு மணி நேரக் கூத்து நகர அரங்கில் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது ஊர்ப்பேச்சே. அவ்வரங்கின் பார்வையாளருக்குப் பொதுவான ஊர் இல்லை. எனவே அப்பேச்சுக்கு அங்கே வேலையும் இல்லை.

படைப்பிலக்கியமும் திரைப்படமும் உருவாக்கிய இரங்கல் படிமம் இவற்றோடு சேர்கிறது. நாசர் இயக்கிய ‘அவதாரம்’ (1995), எஸ். ராமகிருஷ்ணன் எழுதிய ‘கர்ண மோட்சம்’ குறும்படம் போன்றவை கூத்துக்கலைஞரின் வாழ்வுத்துயரைக் கண்ணியத்துடன் சித்திரித்தன. ஆயினும், கலைஞரின் வறுமை கலையின் மரணமாக வாசிக்கப்பட்டபோது, நடந்துகொண்டிருக்கும் கூத்து கண்ணிலிருந்து மறைந்தது. வாடும் கலையைக் காண்பதற்குப் பழகிய பார்வைக்கு, அதில் நேற்றைய ஊர்ச்சண்டை பேசப்படுவது கலைக்குப் புறம்பானதாகவே தோன்றும்.

கட்டியம் கூறுபவனின் இடம்

கட்டியம் என்பது அரசனின் விருதுப்பெயர்களை உரக்கக் கூறி அவன் வரவை அறிவித்தல். அத்தொழிலைச் செய்பவன் கட்டியங்காரன். கட்டியக்காரன் என்றும் வழங்குவர். களரி கட்டி, கடவுள் வாழ்த்து முடிந்ததும் முதலில் களம் புகுபவன் இவனே. வாயிற்காவலன், அமைச்சன், தேரோட்டி, தோழன், தேவைப்படின் ஊர்ப்பொதுமகன் என ஒரே இரவில் பல நிலைகளை ஏற்பவன். கட்டை வேடக்காரர்கள் கல்யாண முருங்கை மரத்தாலான கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் பூண்டு, முகம் நிறைந்த அரிதாரத்துடன் திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டு வெளிப்படுவர். கட்டியங்காரனுக்கு அத்தகைய கட்டைகள் இல்லை. அவன் தோற்றத்தாலேயே பார்வையாளர் பக்கத்தைச் சேர்ந்தவன்.

புகழ்வதைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் களத்தில் செய்வது பெரும்பாலும் புகழ்ச்சிக்கு எதிரான செயல் என்பது கவனத்திற்குரியது. திரை விலகுமுன் அரசனை நோக்கி ‘நீ யார்’ எனக் கேட்கிறான். அரசன் தன் குலமும் பெருமையும் கூறும்போது அவற்றைத் தவறாகக் கேட்டதுபோல் திரித்துச் சொல்கிறான். அரசனின் செந்தமிழ் வசனத்தை வட்டாரப் பேச்சில் பெயர்க்கிறான். வேர்க்கடலை அவன் வாயில் ‘மல்லாட்டை’யாகிறது, ‘என்ன’ என்பது ‘இன்னா’வாகிறது. அப்பெயர்ப்பு பொருளை விளக்குவதோடு நிற்பதில்லை. உயர்வழக்கு எதை மறைத்துச் சொல்கிறதோ அதனைத் தாழ்வழக்கு வெளிப்படச் சொல்லிவிடுகிறது.

கூத்தின் மரபான வினாவொன்று இதனைத் தெளிவாக்கும். கொலுவீற்றிருக்கும் அரசன், நாட்டில் மாதம் மும்மாரி பெய்கிறதா, குடிகள் நலமா என வினவுவது வழக்கம். புராண நாடக வடிவங்கள் பலவற்றில் இது வெறும் வாய்பாடு. பாரதக் கூத்து நடப்பதோ அறுவடை முடிந்து ஏரி வற்றிய கோடையில். தரையில் அமர்ந்திருப்போர் அன்று பகலில் கிணற்று நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். இவ்வினாவுக்கு விடை சொல்லும் கட்டியங்காரன் மழையைப் பற்றி, விலைவாசியைப் பற்றி, வராத பேருந்தைப் பற்றி, நியாயவிலைக்கடையைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைக்கிறது. அவனது விடை ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும். வினா மாறாதது, விடை எழுதப்படாதது. நிலைத்ததும் நிலையாததும் இவ்வாறு ஒரே உரையாடலில் பிணைக்கப்படுவதே கூத்தின் அடிப்படை அமைப்பாகும். ஒன்றை மூலம் என்றும் மற்றதை இடைச்செருகல் என்றும் பிரிப்பது அச்சுப் பண்பாடு தந்த பழக்கம்.

ஊரின் பெயர்களும் இவ்வழியாகவே களத்துக்குள் வருகின்றன. பார்வையாளர் தரும் அன்பளிப்புகள், தந்தவர் பெயரோடு கூத்தின் நடுவே அறிவிக்கப்படுவதுண்டு. அத்தினாபுரத்து அரசவை நடந்துகொண்டிருக்கையில், பக்கத்துத் தெருவினர் ஒருவரின் பெயரும் அவர் தந்த தொகையும் ஒலிக்கின்றன. நவீன நாடகப் பார்வை இதனைக் கலைக்குலைவாகக் காணும். ஆனால் கூத்தின் காலம் தொடக்கம் முதலே இரட்டைக் காலம்: பாரதத்தின் காலமும் ஊரின் காலமும் ஒரே களத்தில் அருகருகே ஓடுகின்றன. கருமாதியையொட்டி நடத்தப்படும் ‘கர்ண மோட்ச’த்தில் இவ்விரட்டைக் காலம் மேலும் கூர்மையடைகிறது. அங்கே மறைந்தவர் ஒரு வீட்டார்க்கு உறவினர். களத்தில் வீழ்பவன் கர்ணன். இரு துயரங்களுக்கும் இடையே கதையைக் கொண்டுசெல்லும் பேச்சு, அவ்வீட்டாரின் அன்றாடத்தை அறிந்ததாக இருந்தாக வேண்டும்.

குடிகளாதல்: ‘பகடை துகில்’

கட்டியங்காரன் பேச்சு கதையோட்டத்தைத் தளர்த்தும் ஓய்வு மட்டுமே எனின், அதனை நீக்கினாலும் ‘பகடை துகில்’ கூத்தின் பொருள் மாறாதிருக்க வேண்டும். அவ்வாறு இல்லை என்பதை அக்கூத்தின் அமைப்பே காட்டுகிறது.

துச்சாதனன் வேடம் பூண்டவர் துகிலைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி வணங்கும் வழக்கத்தைக் களப்பதிவுகள் குறிப்பிடுகின்றன. செய்யவிருக்கும் செயல் நடிப்பே ஆயினும் குற்றமே என்னும் உணர்வு இதில் உள்ளது. சடங்கியல் ஆய்வு இத்தருணத்தை நடிகருக்கும் தெய்வத்துக்கும் இடையிலான உறவாக விளக்குகிறது. அவ்விளக்கம் சரியானதே, ஆனால் முழுமையானதன்று. களத்தில் மூன்றாவது தரப்பொன்று உண்டு. அது அமர்ந்திருக்கும் ஊர்.

இரவின் முற்பகுதியில் துரியோதனன் தன் குடிகளின் நலம் கேட்டபோது, கட்டியங்காரன் அவ்வூராரின் நலத்தையே விடையாகச் சொன்னான். அக்கணத்திலேயே அவ்வூரார் துரியோதனனின் குடிகளாகிவிட்டனர். அவர்கள் சிரித்தது தம்மைப் பற்றிய பேச்சுக்கு. சிரித்ததன் வழியே அவ்வுடன்பாட்டில் கையெழுத்திட்டனர். பின்னிரவில் பாஞ்சாலி அவைக்கு இழுத்து வரப்படும்போது, அவள் நிற்கும் அவை வேறெங்கும் இல்லை. தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்கும் உரிமை உண்டா என்னும் அவளது வினா வீடுமனையும் துரோணனையும் நோக்கியது மட்டுமன்று. மூன்று புறமும் அமர்ந்திருக்கும் குடிகளையும் நோக்கியது. அவையில் விகர்ணனும் விதுரனும் தவிரப் பிறர் வாய்மூடி இருந்தனர் என்பது பாரதக் கதை. களத்தைச் சூழ்ந்த மக்களும் அப்போது வாய்மூடியே அமர்ந்திருக்கின்றனர். இம்மௌனம் பக்தியா, அச்சமா, உடந்தையா என்பதைக் கூத்து தீர்த்துச் சொல்வதில்லை. ஆனால் அவ்வினாவை எழுப்புவதற்குத் தேவையான அடித்தளம், முன்னிரவின் ஊர்ப்பேச்சில் இடப்பட்டது.

நகர மேடையில் வெட்டிச் சுருக்கப்பட்ட ‘பகடை துகில்’ பார்வையாளரிடம் இரக்கத்தை எழுப்ப வல்லது. அவர்களைக் குடிகளாக்க அதற்கு வழியில்லை. அடவும் பாட்டும் முகவீணையின் ஒலியும் குறைவின்றி இருக்கலாம். பார்ப்போர் பாரதத்தைப் பார்க்கின்றனர், பாரதத்துக்குள் அமர்ந்திருப்பதில்லை.

தெரு யாருடையது

இவ்வாதம் ‘தெரு’ என்னும் சொல்லைக் கொண்டாடுவதில் முடியுமாயின் அது அரைகுறை வாதமாகிவிடும். அச்சொல்லை எதிர்த்த கலைஞர்களின் வாதம் வலுவானது. பெருங்கட்டூர் பொ. இராஜகோபாலும் ஹன்னே டி பிரயினும், இக்கலையின் பெயர் கட்டைக்கூத்து என வாதிட்டனர். வேடத்தின் கட்டை அணிகலன்களால் பெற்ற பெயர் அது. தெருக்கூத்து என்பது அம்மன் ஊர்வலத்தோடு தெருமுனைகளில் நின்று ஆடும் நகர்கலையைக் குறித்தது என்றும், இரவு முழுதும் ஓரிடத்தில் நிகழும் அரங்கக் கலைக்கு அப்பெயரை இடுவது அதன் தொழில்நுட்பத்தைக் குறைத்துக் காட்டும் என்றும் அவர்கள் கருதினர். 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கத்தின் பெயரும், 1999இல் வெளிவந்த டி பிரயினின் நூலும் இந்நிலைப்பாட்டைப் பரப்பின. அவர்கள் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் இக்கலையைப் பயின்றனர். ஆண்களே பெண்வேடமும் ஏற்ற ஒரு கலையில் இது சிறிய மாற்றமன்று.

பெயர் மாற்றத்தின் பின்னுள்ள கோரிக்கை மதிப்புக்கான கோரிக்கை. தெருவில் ஆடுபவன் என்னும் சொல்லில் இழிவு ஒட்டியிருப்பதை, அவ்விழிவைச் சுமந்திராத ஆய்வாளர் அழகியல் காரணம் காட்டித் தள்ளிவிட இயலாது. மேலும், ‘தெரு’ தமிழ்நாட்டுச் சிற்றூரில் பொதுவெளியைக் குறிக்கும் நடுநிலைச் சொல்லாக இருந்ததில்லை. ஊர்த்தெரு வேறு, சேரி வேறு. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் வழிபட நுழைவதைப் பிறர் தடுத்ததைத் தொடர்ந்து, 2023 சூனில் வருவாய்த்துறை அக்கோயிலைப் பூட்டி முத்திரையிட்டது. அவையில் நீதி கேட்டவளின் கோயில் வாசலிலேயே, அவைக்குள் வர உரிமையுடையோர் யார் என்னும் வினா எழுந்தது. மேற்பகுதியில் கூறப்பட்ட ‘குடிகளாதல்’ எல்லாரையும் ஒருசேரக் குடிகளாக்குவதன்று. யாருக்கு எங்கே அமர இடம் உண்டு என்பதை ஊர் முன்னரே வகுத்துவைத்திருக்கிறது. பாஞ்சாலியின் வினாவுக்குமுன் மௌனமாக இருப்போரை எண்ணும் ஆய்வு, அக்களத்தின் ஓரத்தில் நிறுத்தப்பட்டோரையும் எண்ண வேண்டும்.

கட்டியங்காரன் பேச்சையும் இவ்வாறே அளக்க வேண்டும். அது அதிகாரத்தைக் கேலி செய்வது போலவே, பெண்களையும் உடற்குறையுள்ளோரையும் எளியோரையும் கேலி செய்வதும் உண்டு. ஆபாசம் என ஒதுக்கிய பழைய பார்வையும், எதிர்க்குரல் என வாழ்த்தும் புதிய பார்வையும் ஒன்றையே செய்கின்றன: அவன் உண்மையில் என்ன பேசினான் என்பதைக் கேளாமல் தீர்ப்பு வழங்குகின்றன. அன்றாடம் தன்னளவில் விடுதலையும் அன்று, இழிவும் அன்று. அது சான்று. சான்றைப் படிப்பதே திறனாய்வின் வேலை.

ஆகவே பெயர் வழக்கில் இருதரப்பும் கூத்தின் இருவேறு உண்மைகளைச் சுட்டுகின்றன எனலாம். கட்டை, கலைஞரின் பயிற்சியையும் தொழில்நுட்பத்தையும் குறிக்கும் சொல். தெரு, கலை நிகழும் சமூக உறவைக் குறிக்கும் சொல். கலைஞர் தம்மை எவ்வாறு அழைக்க விரும்புகின்றனரோ அவ்வாறு அழைப்பதே முறை. அதே வேளையில், பெயரிலிருந்து தெரு நீங்கினாலும் ஆய்விலிருந்து அது நீங்கலாகாது.

கைபேசிப் பதிவுகளும் ஆய்வுநெறியும்

கட்டியங்காரன் பேச்சைப் பதிவு செய்வது முன்பு அரிதாக இருந்தமைக்கு ஒலிநாடாவின் விலையும் ஓர் இரவின் நீளமும் காரணங்களாயின. இன்று உள்ளூர் ஒளிப்பதிவாளர்கள் முழு இரவுக் கூத்துகளை யூடியூபில் ஏற்றுகின்றனர். ஊர், ஆண்டு, கூத்து, ஜமாவின் பெயர் ஆகியன தலைப்பிலேயே குறிக்கப்படுவதுண்டு. ஒரே ஜமா ஒரே கூத்தை ஈரூர்களில் ஆடிய பதிவுகளை ஒப்பிட்டால், பாட்டும் விருத்தமும் ஏறத்தாழ ஒன்றாயிருக்க, எவ்விடத்தில் எவ்வளவு நேரம் எந்த ஊர்நடப்பு நுழைகிறது என்பதை அளவிட முடியும். அச்சுப் பனுவலைக் கொண்டு இயலாதிருந்த ஒப்பீடு இது.

இப்பதிவுகளுக்கு இரு வரம்புகள் உண்டு. முதலாவது, படக்கருவி வேடத்தை நோக்கியே நிற்கும். சிரித்தவர், சிரிக்காதவர், எழுந்து சென்றவர் சட்டத்துக்குள் வருவதில்லை. எனவே பதிவு, களத்தில் இருத்தலுக்கு மாற்றாகாது. இரண்டாவது, ஓர் இரவில் ஓர் ஊருக்குள் சொல்லப்பட்ட கேலி, பதிவேறியதும் உலகுக்குச் சொல்லப்பட்டதாகிவிடுகிறது. ஊராரின் பெயரோடு பேசப்பட்டவற்றை ஆய்வேட்டில் பெயர்த்தெழுதுவோர், கலைஞரின் இசைவோடு பேசப்பட்டவரின் மதிப்பையும் கருத வேண்டும். நியாயவிலைக்கடையைப் பற்றிய கிண்டல் ஆய்வேட்டில் இடம்பெறலாம். ஒரு குடும்பத்தைப் பற்றிய கிண்டல் அவ்வூரோடு நிற்பதே தகும்.

முடிவுரை

தெருக்கூத்தில் ஊர்நடப்பு இடைவேளையாக வருவதன்று. மாறாத வினாவும் மாறும் விடையுமாக அது கூத்தின் கட்டமைப்பில் இடம்பெற்றுள்ளது. பார்வையாளரைக் கதையின் குடிகளாக்கி, ‘பகடை துகில்’ எழுப்பும் அறவினாவை அவர்கள்முன் வைப்பது இப்பேச்சே. பனுவல், சடங்கு, நாடகம் என்னும் அணுகுமுறைகள் கூத்தின் மதிப்பை நிலைநாட்ட உதவியபோதிலும், தத்தம் தேர்வுகளால் இக்கூறினைப் புறத்தே நிறுத்தின. கட்டைக்கூத்து என்னும் பெயருக்கான கோரிக்கை, தெரு என்னும் வெளி சாதியால் பிளவுற்றது என்னும் உண்மையை எதிர்கொள்ளுமாறு ஆய்வாளரைக் கட்டாயப்படுத்துகிறது.

இதிலிருந்து கற்பித்தலுக்கு ஒரு நடைமுறை முடிவும் பெறப்படுகிறது. கீழ்பென்னாத்தூர் போன்ற வட்டாரங்களிலிருந்து வரும் மாணவர்க்குக் கூத்தின் செவ்வியல் பகுதி நூலில் கிடைக்கும். கட்டியங்காரன் பேச்சு அவர்கள் ஊரிலேயே கிடைக்கும். ஒரு கோடையின் ஓர் இரவை, நாளும் இடமும் பேசியவரும் குறித்து, அமர்ந்திருந்தோரின் இருப்பிடங்களையும் வரைந்து எழுதும் ஒரு மாணவரின் பதிவு, அழிந்துவரும் கலை என்னும் பாடத் தலைப்பைவிடக் கூத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்லும். நாட்டுப்புறவியல் தாளில் அத்தகைய பதிவுக்கு மதிப்பெண் ஒதுக்குவது பாடக்குழுக்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதே.